பால் தராத மூன்று மாதம்: சினைக் கிடேரிக்கு என்ன போடுகிறோம்?

(கூட்டமைப்பின் குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குத் தீர்மான நோட்டைப் பற்றியோ சந்தாவைப் பற்றியோ நாங்கள் பேசப் போவதில்லை. கிடேரியைப் பற்றிப் பேசப் போகிறோம். சுற்றிச் சுற்றி அது கடைசியில் தவணையில்தான் வந்து நிற்கும், அது வேறு விஷயம்.

நம்ம தருமபுரி மாவட்டத்தில் 1989-ல் மகளிர் குழுக்கள் தொடங்கின. அன்றிலிருந்து இன்று வரை, "கடன் எதுக்கு?" என்று கேட்டால் எங்கள் காதில் அதிகமாக விழும் பதில் "மாடு வாங்க" என்பதுதான். கறவையில் இருக்கும் மாட்டை வாங்கினால் விலை அதிகம். அதனால் நம் உறுப்பினர்கள் நிறைய பேர் தலைச்சன் சினையில் இருக்கும் கிடேரியாகப் பார்த்து வாங்குகிறார்கள். இல்லையென்றால் வீட்டில் பிறந்த பெண் கன்றையே வளர்த்து சினை ஊசி போடுகிறார்கள். இரண்டுமே நல்ல யோசனைதான். நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். குழுக் கூட்டங்களுக்கு வரும்போது உங்கள் வீட்டு வரவு செலவு நோட்டைப் பார்க்கிறோம் இல்லையா? மாடு கறக்கிற மாதங்களில் "புண்ணாக்கு ஒரு மூட்டை", "தவிடு ஒரு மூட்டை" என்று செலவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கிடேரி சினையாக இருக்கும் மாதங்களில் அந்த வரியே காணோம். கேட்டால், "அது இன்னும் கறக்கலையே மேடம். கறக்கறப்ப போட்டுக்கலாம். இப்போ மேய்ஞ்சிட்டு வரட்டும்" என்கிறீர்கள். கறக்கிற மாட்டுக்குப் போட்டால் சாயந்திரமே சொம்பில் தெரிகிறது. சினை மாட்டுக்குப் போடுவது எங்கே போகிறதென்று கண்ணுக்குத் தெரியவில்லை. வருமானமே இல்லாத மாதத்தில் கையில் இருக்கும் காசை யார்தான் எடுத்துப் போடுவார்கள்? உங்கள் நியாயம் எங்களுக்குப் புரிகிறது. அது எங்கே போகிறது என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

வயிற்றுக்குள் நடப்பது

மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். சினை ஊசி போட்ட தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டிக்கொண்டால் கணக்கு சரியாக வரும். ஜனவரி 1-ந் தேதி ஊசி போட்டால் அக்டோபர் 8 வாக்கில் கன்று போடும். நாலு நாள் முன்னே பின்னே ஆகலாம்.

ஜெர்சி கலப்புக் கன்று பிறக்கும்போது 20 முதல் 25 கிலோ இருக்கும். ஆறு மாதம் முடியும்போது அந்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வயிற்றில் வளர்ந்திருக்காது. மிச்சம் அத்தனையும் கடைசி மூன்று மாதத்தில்தான் வளர்கிறது. மடி உருவாவதும், பால் சுரக்கும் திசுக்கள் பெருகுவதும் அப்போதுதான். ஆக, நாம் "இப்போ கறக்கலையே" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அதே மாதங்களில் உள்ளே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது.

இதில் கிடேரிக்கும் பழைய மாட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாலைந்து ஈத்து கண்ட மாடு வளர்ந்து முடிந்த மாடு. கிடேரி அப்படியில்லை. அதற்கு இரண்டு, இரண்டரை வயதுதான். இன்னும் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிறது, எலும்பு நீண்டுகொண்டிருக்கிறது. தன் உடம்பையும் வளர்க்க வேண்டும், கன்றையும் வளர்க்க வேண்டும், மடியையும் தயார் செய்ய வேண்டும். நம்ம ஊரில் முன்பெல்லாம் பதினாறு பதினேழு வயதில் பிள்ளை பெற்ற அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்த உடம்பு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

தீவனம் போதாவிட்டால் உடம்பு என்ன செய்யும்? கன்றைக் கைவிடாது. தாயின் தசையையும் கொழுப்பையும் கரைத்துக் கன்றுக்குக் கொடுக்கும். கன்று பிறந்துவிடும். ஆனால் தாய் எலும்பும் தோலுமாக நிற்கும். பால் இறங்காது. அடுத்ததாகச் சினைப் பருவத்துக்கு வர வேண்டிய மாடு மூன்று மாதம் ஆனாலும் நாலு மாதம் ஆனாலும் கத்தாது. அப்போது வந்து எங்களிடம் கேட்கிறீர்கள், "நல்ல மாடுன்னு சொல்லித்தான் வாங்கினோம், நாலு லிட்டருக்கு மேல ஏறவே மாட்டேங்குதே" என்று. விற்றவர்மேல் கோபம் வருகிறது, ஊசி போட்டவர்மேல் சந்தேகம் வருகிறது. அந்த மூன்று மாதம் யார் நினைவுக்கும் வருவதில்லை.

"நெறைய போட்டா கன்னு பெருசாயிடும்"

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் பணம் இல்லாததால் மட்டும் நாம் தீவனத்தைக் குறைப்பதில்லை. பணம் இருக்கிறவர்களும் குறைக்கிறார்கள்.

"சினையா இருக்கறப்ப நெறைய போட்டா கன்னு வயித்துல பெருசாயிடும், வெளிய வராது, கிடேரி செத்துடும்." இதை எல்லா ஊரிலும் கேட்கிறோம். சொல்கிறவர்கள் மாட்டை நேசிக்கிறவர்கள்தான். நம் வீட்டுப் பெண்களுக்கும் இதையேதானே சொன்னார்கள்? ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு வகைவகையாகச் சோறு கட்டிக்கொடுப்பார்கள். மறுநாளே, "ரொம்ப சாப்பிடாத, புள்ள பெருசா வளர்ந்துட்டா பிரசவம் கஷ்டம்" என்பார்கள். அரை வயிறு சாப்பிட்டுப் பெற்ற பிள்ளை எடை குறைவாகப் பிறந்ததையும், தாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கன்வாடியில் சத்துமாவு கொடுப்பது அதனால்தான்.

மாட்டிலும் அதே கதைதான். கடைசி மாதங்களில் தீவனத்தைக் குறைத்தால் கன்றின் எடை கொஞ்சம்தான் குறையும். தாயின் பலம் அதைவிட அதிகமாகக் குறையும். கன்றைத் தள்ள வேண்டியது தாய்தானே? முக்குவதற்குத் தெம்பில்லாமல் பாதியில் படுத்துவிட்டால் சின்னக் கன்றும் வெளியே வராது. அப்படிப் பிறக்கும் கன்றும் எழுந்து நின்று பால் குடிக்கத் திணறும்.

அப்படியென்றால் கிடேரிக்குக் கஷ்டப் பிரசவம் எதனால் வருகிறது? உண்மையான காரணங்களைச் சொல்கிறோம். முதல் காரணம், உடம்பு வளராத கிடேரிக்கு அவசரப்பட்டு ஊசி போடுவது. கலப்பினக் கிடேரி 230, 250 கிலோ எடைக்கு வந்த பிறகுதான் சினை ஊசிக்குத் தயார். வயதைப் பார்த்தோ, கத்துகிறது என்பதற்காகவோ போடக் கூடாது. இரண்டாவது, சின்ன உடம்புள்ள கிடேரிக்குப் பெரிய இனமான எச்.எஃப். ஊசியைப் போட்டுவிடுவது. "பால் அதிகம் வரும்" என்று ஆசைப்பட்டு நாமே கேட்டு வாங்கிப் போடுகிறோம். ஊசி போடும்போதே, "இது தலைச்சன், எந்த ஊசி சரியா இருக்கும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மூன்றாவது, அளவுக்கு மீறிக் கொழுக்க வைப்பது. அதிலும் உண்மை இருக்கிறது. பிறப்புப் பாதையைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் வழி குறுகிவிடும். ஆனால் நம் குழுக்களில் அப்படிக் கொழுத்த கிடேரியை நாங்கள் பார்த்தது மிகவும் குறைவு. பட்டினி போட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

சரியான உடம்பு எது என்று பார்ப்பது சுலபம். கிடேரிக்குப் பக்கவாட்டில் ஒரு பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எல்லா விலா எலும்பும் எண்ணும்படி தெரிந்தால் தீவனம் போதவில்லை. கடைசி இரண்டு மூன்று விலா மட்டும் லேசாகத் தெரிந்தால் சரியாக இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல், வால் அடியில் இரண்டு பக்கமும் கொழுப்பு மெத்தைபோல் தொங்கினால் அதிகம்.

எடையைத் தெரிந்துகொள்ளத் தராசு வேண்டாம். தையல் வேலை செய்கிற தங்கைகளிடம் இஞ்சி டேப் இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். அப்புறம் தோள்பட்டை முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் எலும்பு முனை வரை நீளத்தை எடுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். நெஞ்சு 62 இஞ்சி, நீளம் 50 இஞ்சி என்றால் 290 கிலோ சொச்சம் வரும். பெருக்கல் வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் போனைக் கொடுங்கள், ஒரு நிமிஷத்தில் போட்டுத் தருவான். ஜெர்சி கலப்புக் கிடேரி கன்று போடும் சமயத்தில் 300 கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது.

சரி, என்ன போடுவது?

முதலில் தேதி. ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் எழுதினால் வருஷம் முடிந்ததும் காலண்டர் போய்விடும். குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சினை நின்றிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். "சினைன்னு நெனச்சோம்" என்று ஏழு மாதம் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. சந்தையில் சினைக் கிடேரி வாங்கினாலும் முதல் வேலை இதுதான். விற்கிறவர் ஏழு மாதம் என்பார், பார்த்தால் நாலு மாதமாக இருக்கும்.

ஆறு மாதம் வரை பெரிய செலவு வேண்டாம். நல்ல பசுந்தீவனமும் உலர்தீவனமும் இருந்து, ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் போட்டால் போதும். ஏழாம் மாதம் பிறந்ததும் அதோடு இன்னொரு ஒன்றரைக் கிலோவைக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டாதீர்கள். வாரத்துக்கு அரைக் கிலோவாக ஏற்றி, மொத்தம் இரண்டரை, மூன்று கிலோவுக்குக் கொண்டு வாருங்கள்.

மாட்டு வயிற்றைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கன்று பெரிதாக ஆக, இரைப்பைக்கு இடம் குறையும். முன்பு போலத் தட்டையும் தாளையும் வயிறு முட்டத் தின்ன முடியாது. "தட்டு போட்டா மிச்சம் வைக்குது, அதுக்குப் பசியில்ல" என்று நினைத்துவிடாதீர்கள். பசி இருக்கிறது, இடம்தான் இல்லை. அதனால்தான் கொஞ்ச இடத்தில் அதிகச் சத்துள்ள தீவனம் வேண்டும் என்கிறோம். இரண்டு வேளை போடுவதை நாலு வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

கடையில் வாங்கும் மாட்டுத் தீவனம் நல்லதுதான். வீட்டிலேயே கலக்க விரும்புகிறவர்களுக்குப் பத்துக் கிலோவுக்குக் கணக்கு சொல்கிறோம். மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு இவற்றில் எது விலை குறைவோ அதை உடைத்து மூன்றரைக் கிலோ. கடலைப் புண்ணாக்கு மூன்று கிலோ. கோதுமைத் தவிடோ அரிசித் தவிடோ மூன்று கிலோ இருநூறு கிராம். தாது உப்புக் கலவை 200 கிராம். சாப்பாட்டு உப்பு 100 கிராம். இதில் தாது உப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், "உப்புதானே" என்று. அது சமையல் உப்பு இல்லை. எலும்புக்கும், சினை நிற்பதற்கும், நஞ்சுக்கொடி தானாக விழுவதற்கும் தேவையான பொருட்கள் அதில்தான் இருக்கின்றன. கால்நடை மருத்துவமனையில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள்.

புண்ணாக்கு வாங்கும்போது மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மழையில் நனைந்து கறுத்த தட்டையும் வேண்டாம். பூஞ்சை ஏறிய தீவனத்தால் சினை கலைந்து போகும் ஆபத்து உண்டு.

உலர்தீவனத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு யோகம். நெல் வைக்கோலைவிடக் கேழ்வரகுத் தாள் சத்தானது, மாடும் விரும்பித் தின்னும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் கேழ்வரகு அறுத்ததும் தாளை விற்றுவிட்டு, கோடையில் வெளியூர் வைக்கோலை விலைக்கு வாங்குகிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். நிலக்கடலைக் கொடி கிடைத்தால் அது இன்னும் நல்லது. மண்ணை மட்டும் நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள். நாள் ஒன்றுக்கு மூன்று நாலு கிலோ உலர்தீவனம் போதும்.

பசுந்தீவனம் 15 கிலோ கிடைத்தால் நல்லது. கோ-4 தீவனப் புல் வைத்திருக்கிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நிலமே இல்லாத உறுப்பினர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கோடையில் வெறும் தட்டையிலேயே ஓட்டும்போது உயிர்ச்சத்து ஏ அடியோடு இல்லாமல் போகிறது. காய்ந்த தட்டில் அது கிடையாது, பச்சையில்தான் உண்டு. அது இல்லாவிட்டால் கன்று சோனியாகப் பிறக்கும், சமயத்தில் கண் தெரியாமலும் பிறக்கும். ஆகவே 15 கிலோ முடியாவிட்டாலும் மூன்று நாலு கிலோ பச்சை இலையாவது தினமும் வாயில் விழ வேண்டும். அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, வேலி மசால், சூபாபுல் எது கிடைத்தாலும் சரி. சூபாபுல்லை மட்டும் மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள், அதில் ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. பட்டுப்பூச்சி வளர்க்கும் தோட்டங்களில் மிஞ்சும் மல்பெரி இலை அருமையான தீவனம். மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

சோளப் பயிர் விஷயம் உங்களுக்கே தெரியும். பூக்காத இளம் பயிரையும், மழையில்லாமல் வாடி நிற்கும் பயிரையும், அறுத்த பிறகு துளிர்த்த கட்டைப் பயிரையும் மேய விடக் கூடாது. தண்ணீர் விஷயத்தில் கணக்குப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு 40, 50 லிட்டர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். எப்போதும் தொட்டியில் இருக்கட்டும்.

இன்னொன்று. கல்யாணம், திருவிழா முடிந்ததும் மிஞ்சின சோற்றை, "வீணாப் போகுதே, சினை மாடு சாப்பிடட்டும்" என்று கொட்டுகிறோம். இரண்டு படி சோறு ஒரே நேரத்தில் உள்ளே போனால் இரைப்பை புளித்துப்போய், அசைபோடுவது நின்று, மாடே செத்துப்போகும். பொங்கல் சமயத்தில் இப்படி நடக்காத வருஷம் இல்லை. கைப்பிடிச் சோறு வேறு, குண்டான் சோறு வேறு. பொங்கலைப் படைத்து ஊட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி மூன்று வாரம்

மடி இறங்க ஆரம்பித்ததும் மாட்டைத் தூரமாக மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். மற்ற மாடுகள் முட்டாத இடத்தில் தனியாகக் கட்டுங்கள். கன்று போட்ட பிறகு என்ன அடர்தீவனம் கொடுக்கப் போகிறீர்களோ அதையே இப்போதிருந்து பழக்குங்கள். இரைப்பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்கு மாற இரண்டு மூன்று வாரம் ஆகும். கன்று போட்ட மறுநாள் திடீரென்று நாலு கிலோ கொட்டினால் ஜீரணிக்க முடியாமல் மாடு தீவனத்தையே வெறுத்துவிடும்.

தலைச்சன் கிடேரிக்கு மடி வீங்கி, தொட்டால் குழி விழும்படி நீர் கோத்துக்கொள்வது சகஜம். இந்த வாரங்களில் கழனித் தண்ணீரில் கைகையாக உப்பு அள்ளிப் போட்டால் வீக்கம் அதிகமாகும். கலப்புத் தீவனத்தில் இருக்கும் உப்பு போதும்.

அடுத்து கால்சியம் பாட்டில். சினை மாடு என்றதும் கடைக்குப் போய் முந்நூறு நானூறு கொடுத்துக் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுகிறோம். பால் காய்ச்சல் வந்துவிடும் என்ற பயம். பால் காய்ச்சல் பெரும்பாலும் மூன்றாவது ஈத்துக்கு மேல், நிறையக் கறக்கிற மாட்டுக்கு வருகிற நோய். தலைச்சன் கிடேரிக்கு வருவது அபூர்வம். அதைவிட முக்கியம், கன்று போடுவதற்கு முன்பு கால்சியத்தை வாரி ஊற்றினால், எலும்பில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துப் பாலுக்குக் கொடுக்கிற வேலையை உடம்பு மறந்து உட்கார்ந்துவிடும். பால் கறக்கத் தொடங்கி அவசரமாகத் தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கத் தெரியாமல் தடுமாறும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒழிய, கன்று போடும் முன் பாட்டில் வேண்டாம். அந்தக் காசுக்குப் புண்ணாக்கு வாங்குங்கள். குடற்புழு நீக்க மருந்தும் அப்படித்தான். சினை மாட்டுக்கு ஆகிற மருந்தும் உண்டு, ஆகாத மருந்தும் உண்டு. கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காமல், சினை மாதத்தைச் சொல்லி மருத்துவரிடம் வாங்குங்கள்.

கறக்கப் போகிற ஆள் நீங்கள்தான் என்றால், தீவனம் வைக்கும்போதே தினமும் முதுகைத் தடவி, மடியைத் தொட்டுப் பழக்குங்கள். காம்பைப் பிதுக்கிப் பார்க்காதீர்கள். தலைச்சன் ஈத்தில் உதைக்கிற கிடேரிகள் பாதி, மனுஷக் கை படாமல் வளர்ந்தவை.

கன்று போடும் அன்றைக்குப் பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் கன்றின் கால் தெரியவில்லை என்றால் நாலு பேரைக் கூப்பிட்டு இழுக்காதீர்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கன்று விழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் தவிடும் வெல்லமும் கரைத்துத் தாய்க்குக் கொடுங்கள். நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்காமல் அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் ஊட்டுங்கள். சீம்பாலைப் பற்றி இன்னொரு கூட்டம் முழுக்கப் பேச வேண்டியிருக்கிறது. இன்றைக்கு இது போதும்.

பணம் யார் கையில்?

இப்போது கணக்கு. ஏழாம் மாதத்திலிருந்து நாம் கூடுதலாகப் போடச் சொல்வது ஒன்றரைக் கிலோ. 90 நாளைக்கு 135 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாக மூன்று மூட்டைகூட இல்லை. கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,050 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

மறுபக்கம், உச்சமாகக் கறக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கூடினால் அந்த ஈத்து முழுவதிலும் சுமார் 200 லிட்டர் கூடும் என்று கால்நடைத் துறையினர் சொல்வார்கள். லிட்டர் 35 ரூபாய் என்றாலே 7,000 ரூபாய். அதோடு நேரத்தில் சினை பிடித்தால் மிச்சமாகும் மாதங்கள். பிழைத்து வளரும் கன்று. இதற்கெல்லாம் நாங்கள் விலை போடவில்லை.

ஆனால் அந்த நாலாயிரம் யாரிடம் இருக்கிறது? அதுதான் உண்மையான கேள்வி. புல் அறுப்பது, சாணி அள்ளுவது, தண்ணீர் காட்டுவது எல்லாம் நம் வேலை. தீவன மூட்டை வாங்கும் பணம் பல வீடுகளில் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. "கறக்காத மாட்டுக்கு எதுக்குடி புண்ணாக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறோம். கடன் வாங்கும்போது மாட்டு விலையை மட்டும் எழுதுகிறோம். தீவனத்துக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்ப்பதில்லை. கன்று போடும் முன்பே தவணை தொடங்கிவிடுகிறது. கிடேரி வாயில் போக வேண்டியது தவணைக்குப் போகிறது. அப்படிக் கட்டின தவணை ஒழுங்காகத்தான் தெரியும், நோட்டில் பச்சை மையில் "நிலுவை இல்லை" என்றுகூட எழுதியிருக்கும். நாலு மாதம் கழித்து நாலு லிட்டர் கறக்கும் மாட்டை வைத்துக்கொண்டு வட்டிக்கு ஓடுவோம்.

அதனால் கூட்டமைப்பின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். உறுப்பினரின் கிடேரி ஏழாம் மாதத்துக்கு வந்ததும், மருத்துவரின் சினைப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினால், குழுவின் உள்கடனிலிருந்து தீவனத்துக்கு மட்டும் நாலாயிரம் ரூபாய் கொடுப்பது. பணமாகக் கொடுக்காமல், ஏழு எட்டுப் பேர் சேர்ந்து மொத்த விலையில் மூட்டையாக வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வேறு செலவுக்குப் போகாது, வீட்டுக்காரரும் கேள்வி கேட்க மாட்டார். திருப்பிக் கட்டுவது கன்று போட்ட இரண்டாம் மாதத்திலிருந்து, பால் பணத்தில். சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்களுக்கு இது சிரமமே இல்லை. "கிடேரி செத்துப்போனால் என்ன செய்வது?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்வி. மாட்டுக் காப்பீடு போட்டிருக்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பதா, இல்லை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஆபத்தைக் குழுவே ஏற்றுக்கொள்வதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எங்களைக் கேட்டால் முதலாவதைச் சொல்வோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுப் பிரதிநிதியும், தங்கள் குழுவில் எத்தனை கிடேரி சினையாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்ட தேதி என்ன, ஏழாம் மாதம் எப்போது பிறக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். தேதி தெரியாதவர்கள் அதற்குள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இஞ்சி டேப் நாங்கள் கொண்டு வருகிறோம்.